கூட்டில் அசையாமல் இருக்கும் பறவை: கேனோவிலிருந்து நீர்ப்பறவைகளைப் பார்ப்பது பற்றி

துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகான கேனோவுக்கு ஒரு சாண் தண்ணீர் போதும். நடந்தால் முழங்கால் வரை சேறு வாங்கும் இடத்திலும், மோட்டார் படகின் விசிறியில் நீர்ச்செடி சுற்றிக்கொள்ளும் இடத்திலும் அது வழுக்கிக்கொண்டு போகும். சத்தமில்லை, புகையில்லை, பெரிய அலையும் எழுவதில்லை. பறவை பார்ப்பவர்கள் அதை விரும்ப இவ்வளவும் காரணம். யாருக்கும் தொந்தரவு தராத பயணம் என்ற நல்ல பெயரும் அதற்கு உண்டு. ஆண்டின் மற்ற மாதங்களில் அந்தப் பெயர் பெரும்பாலும் பொருந்தும். பறவைகள் கூடு கட்டி அடைகாக்கும் மாதங்களில் மட்டும் கணக்கு மாறுகிறது. அவை அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அங்கு யாரும் எளிதில் வர முடியாது என்பதால்தான். அப்படிப்பட்ட இடத்துக்கும் வந்துசேர்ந்துவிடுகிறது கேனோ.

ஆகவே கேனோவை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவரவில்லை. கூட்டில் இருக்கும் நீர்ப்பறவையைப் பார்க்க அதைவிட நல்ல இருக்கை கிடையாது என்றே நினைக்கிறேன். தூரத்தில் நிறுத்திக்கொண்டு, நீர்மட்டத்துக்கு நெருக்கமாகத் தாழ உட்கார்ந்து, நெடுநேரம் பார்க்க முடிவதுதான் அதன் அருமை. பக்கத்தில் போக முடிகிறதே என்று பலரும் மெச்சுவது அதன் ஆபத்தான குணம். ஏன் என்று விளங்க வேண்டுமானால், அந்தப் பறவை எதை நம்பி அங்கே முட்டையிட்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தண்ணீரை நம்பிக் கட்டிய கூடு

முட்டைக்கும் குஞ்சுக்கும் பெரிய எதிரிகள் தரையில் நடந்துவருபவை: நரி, கீரி, காட்டுப்பூனை, எலி. நடுவில் தண்ணீர் கிடந்தால் இவற்றில் பலவும் வருவதில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்புகளில் கொக்குகளும் நாரைகளும், அலிகேட்டர் முதலைகள் உலவும் நீருக்கு மேலே நிற்கும் மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. தவறி விழும் குஞ்சை முதலை தின்றுவிடும். ஆனால் மரமேறி முட்டையும் குஞ்சுமாகத் தின்று தீர்க்கும் ரக்கூனை அது அண்ட விடாது. அந்தக் கணக்கில் பறவைகளுக்கு லாபம்தான். வறட்சியில் மரத்தடி நீர் வற்றிப்போகும் ஆண்டுகளில் ரக்கூன் மேலே ஏறிவிடுகிறது. அப்போது பறவைக் குடியிருப்பு முழுவதுமே காலியாகிவிடுவதுண்டு.

நீரை நம்புவதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. கொண்டை முக்குளிப்பான் அழுகிய நீர்ச்செடிகளைக் குவித்து மேடையாக்கி, அதை நாணல் தண்டுகளோடு பிணைத்துவிடுகிறது. கூடு மிதக்கிறது. நீர்மட்டம் மெல்ல ஏறி இறங்கினால் கூடும் கூடவே ஏறி இறங்கும். ஆனால் முட்டை கிடக்கும் குழிவு நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. விரைந்து போகும் படகு எழுப்பும் அலையே அதை நனைக்கவோ சாய்க்கவோ போதும். மீசை ஆலாவும் இப்படி மிதக்கும் செடித்திரளின் மேல்தான் முட்டையிடுகிறது. நீளவால் இலைக்கோழி இன்னும் ஒரு படி மேலே போய், மிதக்கும் இலைகளின்மேல் பெயருக்கு நாலு தண்டைப் போட்டு, பளபளக்கும் பழுப்பு முட்டைகள் நான்கை வைத்துவிடுகிறது.

வட அமெரிக்கா போன்ற வடபுலத்து ஏரிகளின் லூன் பறவைக்கு வேறு நெருக்கடி. முக்குளித்து நீந்துவதற்கு ஏற்றபடி அதன் கால்கள் உடலின் பின்கோடியில் அமைந்திருக்கின்றன. தரையில் அதனால் சரியாக நடக்க முடியாது. அதனால் கூடு நீரின் விளிம்பிலேயே இருந்தாக வேண்டும். ஆபத்து என்றால் வழுக்கி நீருக்குள் இறங்க வேண்டும், பிறகு அதே வழியாக நெஞ்சால் தள்ளி ஏற வேண்டும். சிறு தீவுகளின் ஓரமும், ஒதுக்கமான சிறு வளைவுகளும் அதற்குப் பிடித்த இடங்கள். கேனோ ஓட்டுபவர்களுக்கும் பிடித்த இடங்கள் அவையே. மோட்டார் படகு ஏரியின் நடுவே நேராகப் போய்விடும். கரையோரமாக ஒவ்வொரு வளைவையும் எட்டிப் பார்த்துக்கொண்டு போவது கேனோதான்.

நாணலுக்குள் கட்டும் குருகும் செந்நாரையும், நீரில் நிற்கும் மரங்களில் கட்டும் நீர்க்காகமும் கூழைக்கடாவும், வெறும் மணல்திட்டில் முட்டையிடும் ஆலாக்களும் தத்தம் வகையில் இதே காவலைத்தான் நம்பியிருக்கின்றன.

அசையாதிருப்பது அமைதி அல்ல

கேனோவில் போகிறவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் ஒன்று: “பத்து மீட்டர் பக்கத்தில் போனோம், அது எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை.” கண்டுகொண்டது. எழவில்லை, அவ்வளவுதான்.

அடைகாக்கும் பறவையின் நிலையிலிருந்து யோசித்துப் பாருங்கள். எழுந்து போனால் முட்டை காற்றுக்கும் வெயிலுக்கும் காகத்துக்கும் திறந்து கிடக்கும். இருந்தால் தன் உயிருக்கு ஆபத்து வரலாம். முட்டைக்குள் கரு வளரத் தேவையான வெப்பம் ஏறத்தாழ 37, 38 டிகிரி செல்சியஸ். குளிர்ச்சியை அது ஓரளவு தாங்கும். வளர்ச்சி மெதுவாகும், பிறகு மீண்டும் தொடரும். வெப்பத்தை அது தாங்காது. அந்த அளவுக்குமேல் சில டிகிரி ஏறினாலே கரு செத்துப்போகும். நிழலில்லாத மணல்திட்டில் நண்பகல் வெயில் நேரடியாக அடிக்கும் முட்டைக்கு அதிக நேரம் தேவைப்படாது. ஆலாவும் உப்புக்கொத்தியும் வெயில் ஏறும்போது சூட்டுக்காக அல்ல, நிழலுக்காகவே முட்டைமேல் நிற்கின்றன. ஆற்று ஆலா போன்றவை வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கவும் செய்கின்றன. ஆப்பிரிக்கச் சதுப்புகளின் பெரிய அலகுப் பறவையான ஷூபில் வாயில் தண்ணீர் மொண்டு வந்து முட்டைமேல் ஊற்றுகிறது. இந்த வேலையின் நடுவில்தான் நாம் போய் நிற்கிறோம்.

ஆகவே பறவை கடைசி நொடி வரை இருந்து பார்க்கிறது. பயமில்லாததால் இல்லை, எழுந்தால் வரும் இழப்பு பெரியது என்பதால். அடைகாக்கும் பென்குவின்களின் இதயத்துடிப்பை அளந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. கூட்டில் செயற்கை முட்டை ஒன்றை வைத்து, அதற்குள் பொருத்திய கருவியால் துடிப்பைப் பதிவுசெய்தார்கள். ஆள் நெருங்கும்போது வெளியே எந்த அசைவும் காட்டாத பறவையின் இதயம் உள்ளே வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. பென்குவின் சதுப்புநிலப் பறவை இல்லைதான். இருந்தாலும் கூட்டில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பறவையைப் பார்க்கும்போதும் இந்த முடிவை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

லூன் இதில் ஒரு பாடமே. தொலைவில் படகு தெரியாதவரை தலை நிமிர்ந்து, கழுத்து வளைந்து, இயல்பாக உட்கார்ந்திருக்கும். படகு நெருங்கியதும் கழுத்தை நீட்டி, தலையைக் கூட்டின் விளிம்புக்கு வெளியே நீரை ஒட்டித் தொங்கவிட்டுப் படுத்துவிடும். தூங்குகிறது, இல்லாவிட்டால் உடம்புக்கு ஏதோ என்றுதான் புதிதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் அது ஒளிந்துகொண்டிருக்கிறது. அடுத்த கட்டமாக நீருக்குள் வழுக்கத் தயாராகவும் இருக்கிறது. குஞ்சு பொரித்த பிறகு நடப்பது இன்னும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. படகு குஞ்சுகளை நெருங்கினால் தாயோ தந்தையோ நீரின்மேல் செங்குத்தாக எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, காலால் நீரை அடித்துக்கொண்டு நிற்கும். பார்க்க ஆட்டம் போல இருக்கும், படம் எடுக்கக் கை பரபரக்கும். அது உச்சகட்ட எதிர்ப்பு. பெற்றோர் இந்த எதிர்ப்பில் மும்முரமாக இருக்கும்போது குஞ்சைக் கழுகோ கடற்காகமோ தூக்கிப்போக வாய்ப்பு கூடுகிறது. நடுங்கும் சிரிப்பொலி போலக் கேட்கும் லூனின் குரலும் அப்படித்தான்: அது அபாயக் குரல்.

குருகு வகைகள் அலகை வானத்தை நோக்கி நிமிர்த்தி, உடலை ஒடுக்கிக்கொண்டு நாணலோடு நாணலாக நிற்கும். காற்றில் நாணல் ஆடினால் தானும் சேர்ந்து ஆடும். இந்தக் கோலத்தில் அதைப் பார்க்கக் கிடைப்பது பெரிய மகிழ்ச்சி, மறுக்கவில்லை. ஆனால் அப்படி நிற்கிறது என்றால் நம்மைப் பார்த்துத்தான் நிற்கிறது.

முக்குளிப்பானிடம் இதைவிட நுட்பமான ஓர் அடையாளம் இருக்கிறது. ஆபத்து தூரத்தில் தெரியும்போது அது கூட்டிலேயே எழுந்து நின்று, ஓரத்தில் கிடக்கும் ஈரச் செடியை அலகால் இழுத்து முட்டைமேல் போடும். இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய். முட்டைகள் மறைந்ததும் சத்தமில்லாமல் நீரில் இறங்கி மூழ்கிவிடும். வெகுதூரம் தள்ளித்தான் தலை தெரியும். இட்ட புதிதில் வெளிறியிருக்கும் முட்டை அழுகிய செடியின் கறை ஏறி நாளடைவில் பழுப்பாகிவிடுகிறது. நெருங்கிப் போனவருக்கும் அங்கே தெரிவது ஒரு குப்பைக் குவியல்தான். மூடாமல் கிடக்கும் முக்குளிப்பான் முட்டைகளை யாராவது பார்த்தால், பறவைக்கு மூட நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் படகு திடீரென்று வந்திருக்கும்.

நூறு மீட்டர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது

தூரத்தைப் பற்றி ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். அளந்து சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது. ஃபுளோரிடாவில் ஜேம்ஸ் ரோட்ஜர்ஸ், ஹென்றி ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 17 குடியிருப்புகளில் கூட்டமாகக் கூடு கட்டும் 15 வகை நீர்ப்பறவைகளை நடந்தும் கேனோவிலும் மோட்டார் படகிலும் நெருங்கி, எந்தத் தூரத்தில் அவை கூட்டைவிட்டு எழுகின்றன என்று அளந்தார்கள். ஆய்வு 1995-இல் வெளியானது. பொதுவாக, படகைவிட நடந்துவரும் ஆளைக் கண்டுதான் பறவைகள் அதிகத் தூரத்திலேயே எழுந்தன. கொக்கு, நாரை வகைகளின் குடியிருப்புக்குச் சுமார் 100 மீட்டர், ஆலாக்களும் நீர்கிழிப்பான்களும் கலந்த குடியிருப்புக்குச் சுமார் 180 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை.

இந்த எண்களைவிட அவற்றை அவர்கள் கணக்கிட்ட விதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பறவைகள் எழுந்த தூரங்களின் சராசரியை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சராசரியை எடுத்திருந்தால் பாதிப் பறவைகள் அதற்கு முன்பே எழுந்திருக்கும். அதனால் மிகவும் கூச்சமுள்ள பறவைகளும் அடங்கும்படி கணக்கை மேலே தள்ளினார்கள். அதற்கும் மேல் 40 மீட்டர் சேர்த்தார்கள். எழுவதற்கு முன்பே பறவை அமைதியிழந்துவிடுகிறது, அந்தக் கட்டத்தையும் தவிர்க்க வேண்டும் என்பதற்காக. பறவை எழவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு முன்னேறுபவர், அந்த 40 மீட்டருக்குள் உட்கார்ந்திருப்பவர்.

எல்லா இடத்துக்கும் ஒரே அளவு பொருந்தாது. படகுகள் தினமும் ஒரே தடத்தில் போய்வரும் நீர்நிலையில் பறவைகள் பழகிவிடும், இன்னும் நெருக்கத்தில் பொறுத்துக்கொள்ளும். ஆள் நடமாட்டமே இல்லாத சதுப்பில் 200 மீட்டரிலேயே ஒரு குடியிருப்பு முழுவதும் எழுந்துவிடலாம். கூழைக்கடாக்கள் கூடு கட்டத் தொடங்கும் நாட்களில் ஒருமுறை கலைந்தாலே குடியிருப்பை ஒட்டுமொத்தமாகக் கைவிட்டுவிடக்கூடும். ஆகவே எண்ணைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, பிறகு பறவை சொல்வதைக் கேட்க வேண்டும். இறகு கோதிக்கொண்டிருந்தது நிறுத்துகிறது. கழுத்து நீள்கிறது. நம்மை நோக்கி ஒரு கண் திரும்பி அங்கேயே நிற்கிறது. கூட்டத்தில் ஒன்றிரண்டு எழுந்து நிற்கின்றன. இந்தக் கட்டத்திலேயே பின்வாங்கிவிட வேண்டும். தலைக்குமேல் கத்திக்கொண்டு வட்டமிடத் தொடங்கிவிட்டால் காலம் கடந்துவிட்டது. அப்போது வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய கொடுமை. நாம் விலகினால்தான் அவை இறங்கும். கலைந்த குடியிருப்பை நம்மைவிட விழிப்பாகக் கவனிப்பவை காகங்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். கொக்கு, கூழைக்கடா, நீர்க்காகம் ஆகியவை வெயிலில் வாயைத் திறந்து தொண்டையைப் படபடவென்று துடிக்கவைக்கும். இது பயம் அல்ல, சூடு தணித்துக்கொள்ளும் வழி. ஆனால் அப்படித் துடிக்கும் நேரத்தில் அந்தக் கூட்டில் நிழலின் தேவை எவ்வளவு என்பதை அது சொல்லிவிடுகிறது.

சத்தமில்லாத படகின் சிக்கல்

மோட்டார் படகு வருவதைப் பறவை வெகுதூரத்திலிருந்தே கேட்டுவிடும். பெரும்பாலும் அது ஒரே தடத்தில், ஒரே வேகத்தில் கடந்துபோகும். கேனோ அப்படியில்லை. நாணல் திருப்பத்தில் திடீரென்று முளைக்கிறது. பறவையைக் கண்டதும் நிற்கிறது. நின்ற பிறகு மெல்ல மெல்ல, நேராக, அதையே பார்த்துக்கொண்டு நெருங்குகிறது. இரை தேடும் விலங்கு செய்வதும் இதையேதான். பதுங்கிப் போனால் பறவை பயப்படாது என்று நினைப்பது பெரிய பிழை. ஒளிவுமறைவில்லாமல், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிற படகு அதற்கு அவ்வளவு அச்சம் தருவதில்லை.

அதனால் கூட்டை நோக்கி நேராகப் போகாமல், அதைக் கடந்துபோவது போல ஒரு சாய்வான தடத்தில் போவது நல்லது. திருப்பங்களில் நாணலை ஒட்டிப் போகாமல் அகலமாகச் சுற்றினால், நமக்கு முன்பே பறவை நம்மைப் பார்த்துவிடும்; முக்குளிப்பானுக்கு முட்டையை மூட நேரம் கிடைக்கும். பேசுவதானால் தாழ்ந்த குரலில் சீராகப் பேசலாம், அதில் கெடுதல் இல்லை. கெடுதல் திடீர்ச் சத்தத்தில் இருக்கிறது: துடுப்பு படகின் விளிம்பில் மோதும் சத்தம், தண்ணீர் பாட்டில் அடித்தட்டில் உருளும் சத்தம். துடுப்பை நீரிலிருந்து தூக்காமலே, தட்டையான பகுதியைப் பக்கவாட்டில் திருப்பி, நீருக்குள்ளேயே முன்னே கொண்டுபோகும் துழாவல் முறை ஒன்று உண்டு. சொட்டும் சத்தம்கூட இருக்காது, கை வீச்சும் வெளியே தெரியாது. பழகக் கொஞ்சம் நாள் பிடிக்கும். பழகத் தகுந்தது.

எழுந்து நிற்கவே கூடாது. படகு கவிழும் என்பதற்காக மட்டும் இல்லை. உட்கார்ந்திருக்கும் ஆளும் படகும் சேர்ந்து நீரில் தாழ்வான ஒரே உருவமாகத் தெரிவதால்தான் பறவைகள் கேனோவை ஓரளவு பொறுத்துக்கொள்கின்றன. எழுந்த நொடியில் அது மனித உருவமாகிவிடுகிறது.

காற்றைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை, எனக்கோ அதுதான் தலையாய விஷயமாகத் தோன்றுகிறது. துடுப்பைக் கீழே வைத்துவிட்டு பைனாகுலரைக் கண்ணில் வைத்த நொடியிலிருந்து படகு காற்றின் கையில். கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது தூரம் குறைவது தெரியாது. பறவை கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது என்று சந்தோஷமாக இருக்கும். கண்ணாடியை இறக்கும்போது கூட்டுக்குப் பாதித் தூரம் வந்திருப்போம். பிறகு பதறித் துடுப்பைப் போட்டுப் பின்னே தள்ள வேண்டியிருக்கும், அந்தப் பதற்றம்தான் பறவையை எழுப்பும். எனவே கூட்டின் பக்கமிருந்து நம்மை நோக்கிக் காற்று வீசும்படி இடம் பார்த்து நிற்க வேண்டும். படகு நகர்ந்தாலும் விலகித்தான் நகரும். சூரியனும் முதுகுப் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் ஒரே நேரத்தில் அமைவது அரிது. அமையாத நாளில் காற்றுக்கே முதலிடம் தர வேண்டும். சிறு நங்கூரம் ஒன்று இருந்தால் கவலை குறையும். இருவர் போனால் ஒருவர் பார்க்க, ஒருவர் துடுப்பைப் பிடிக்கலாம்.

ஆடும் படகில் 10 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரைவிட 8 மடங்கு பெரிதாக்குவதே நின்று நிதானமாகக் காட்டும். பெரிதாக்குதல் கூடக் கூடக் கை நடுக்கமும் படகின் ஆட்டமும் சேர்ந்தே பெரிதாகின்றன.

நாணலுக்குள் படகைச் செருகிக்கொண்டு போவதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உள்ளே கூடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் அப்படிப் போகிறார்கள். படகு போன தடத்தில் தண்டுகள் மடிந்து ஒரு சந்து விழுந்துவிடுகிறது. மடிந்த நாணல் உடனே நிமிராது. மேலே வட்டமிடும் பருந்து வகைகளுக்கும் காகத்துக்கும் கூட்டைக் காட்டிக்கொடுக்கும் வழியாகி விடுகிறது அந்தச் சந்து. படத்துக்கு மறைக்கிறது என்று கூட்டின் முன்னால் இருக்கும் தண்டுகளை ஒதுக்குவதும் ஒடிப்பதும் அதைவிட மோசம்: குஞ்சுகளுக்கு இருந்த நிழலும் மறைப்பும் ஒருசேரப் போய்விடுகின்றன. கூட்டின் மேல் ட்ரோன் விடுவதையும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பதையும் நான் ஏற்கவே மாட்டேன். சில நாடுகளில் சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு வனவுயிர், நாட்டுப்புறச் சட்டத்தின்படி, பெருங்குருகு, சேற்றுப் பூனைப்பருந்து, சிற்றாலா உள்ளிட்ட பட்டியலிட்ட பறவைகளைக் கூட்டில் தொந்தரவு செய்வதே குற்றம்.

தூரத்திலிருந்தே கிடைப்பவை

விலகி நின்றால் என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லியைக் காட்டலாம். அவர் 1912-இல் இங்கிலாந்தின் டிரிங் நீர்த்தேக்கங்களில் கொண்டை முக்குளிப்பான்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். இணைகள் எதிரெதிரே நின்று தலையசைப்பது, அலகில் நீர்ச்செடியோடு நெஞ்சோடு நெஞ்சாக நீரின்மேல் எழுவது என்று அவர் 1914-இல் எழுதி வெளியிட்ட விவரிப்பு விலங்கு நடத்தை ஆய்வின் தொடக்ககால முக்கிய ஆக்கங்களில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. அதற்குப் பறவையைத் தொட வேண்டியிருக்கவில்லை. பொறுமையும் நல்ல கண்ணாடியும் போதுமாக இருந்தன. அதே பறவை பிரிட்டனில் 1860 வாக்கில் நூறு இணைகூடத் தேறாத நிலைக்குப் போயிருந்தது. அதன் நெஞ்சுத் தோலை இறகோடு உரித்துப் பெண்களின் உடைகளுக்கு அணியாகத் தைத்த வணிகம் அதற்குக் காரணம். சட்டப் பாதுகாப்பு வந்த பிறகு மீண்டது. கூட்டில் இருக்கும் பறவையிடம் படகில் போனவர்கள் நீண்ட காலம் எதற்காகப் போனார்கள் என்பதை இது நினைவூட்டுகிறது.

கேனோவில் ஒரு முழுக் காலை ஒரே இடத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் காட்சிகளில் ஆள் மாற்றம் சிறந்தது. அடைகாக்கும் வேலையைப் பல இனங்களில் ஆணும் பெண்ணும் பகிர்ந்துகொள்கின்றன. நாரை வகைகளில் வந்துசேரும் பறவை பெரும்பாலும் ஒரு குச்சியோடு வரும். கூட்டில் இருப்பது எழுந்து, அலகை நிமிர்த்தி வரவேற்று, குச்சியை வாங்கிக் கூட்டில் செருகிவிட்டுப் பறந்துபோகும். புதிதாக வந்தது முட்டைகளை அலகால் மெல்லப் புரட்டிவிட்டு, இறகை விரித்து, இரண்டு பக்கமும் ஆடி ஆடி இடம் பார்த்து உட்காரும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தக் காட்சி, பறவைகள் நம்மை மறந்திருந்தால் மட்டுமே முழுமையாகக் கிடைக்கும். நாம் நெருங்கி நின்றால் வரவேண்டிய பறவை வராமல் தூரத்திலேயே காத்திருக்கும். கூட்டில் இருப்பது பசியோடு உட்கார்ந்திருக்கும். இந்தத் தொந்தரவு நம் கண்ணில் படுவதே இல்லை.

இலைக்கோழியில் கதை வேறு. அங்கே பெண் ஒரே பருவத்தில் பல ஆண்களுக்கு முட்டையிட்டுக் கொடுக்கிறது. நாலு வாரம் அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் ஆணின் பொறுப்பு. முட்டை கிடக்கும் இடத்துக்கு ஆபத்து என்று பட்டால், நீளவால் இலைக்கோழியின் ஆண் முட்டையை அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அணைத்துப் பிடித்து, இலைகளின் மேலாக வேறிடத்துக்கு நகர்த்திவிடும். இலைக்கோழிகளில் வேறு சில இனங்களின் ஆண் குஞ்சுகளைச் சிறகுக்கடியில் இடுக்கிக்கொண்டு நடக்கும். அப்போது அதன் பக்கங்களில் நீளமான குட்டிக் கால்விரல்கள் தொங்குவது நல்ல கண்ணாடியில் தெரியும். தனியே சிக்கிய குஞ்சு அலகின் நுனி மட்டும் வெளியே தெரிய நீருக்குள் அமிழ்ந்து கிடக்கும். படகு அருகில் இருக்கும்வரை வெளியே வராது.

நாமக்கோழிக் குஞ்சுகளின் தலை பளிச்சென்று சிவந்திருப்பதை யாரும் கவனிக்காமல் போக முடியாது. அமெரிக்க நாமக்கோழியில் இதற்கொரு விளக்கம் 1994-இல் கிடைத்தது: குஞ்சுகளின் ஆரஞ்சு நிறத் தூவிகளின் நுனியை வெட்டிக் கறுப்பாக்கியபோது, பெற்றோர் நிறமுள்ள குஞ்சுகளுக்கே அதிகம் ஊட்டின. அதுபோலவே, குஞ்சு வெளிவந்த பிறகு சில பறவைகள் முட்டை ஓட்டினை அலகில் தூக்கிக்கொண்டு வெளியேறுவதைப் பார்க்கலாம். ஓட்டின் வெள்ளை உட்புறம் எதிரியின் கண்ணை இழுக்கிறது என்பதை விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் கருந்தலைக் கடற்காகங்களிடம் செய்த சோதனைகளால் 1962-இல் காட்டினார். ஓர் ஓட்டுத் துண்டுக்கே அவ்வளவு எச்சரிக்கை காட்டும் உயிர் அது.

எந்த நாள், எந்த நேரம்

பருவத்தின் தொடக்கம்தான் நமக்கு மிகவும் எச்சரிக்கை தேவைப்படும் காலம். இடம் பார்க்கும், கூடு கட்டும், முதல் முட்டையிடும் நாட்களில் பறவை இழக்கப்போவது குறைவு. அதனால் விட்டுப்போகத் துணியும். அடைகாத்தல் முற்ற முற்ற அது உறுதியாக உட்காரும். நாம் இதை அது பழகிவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். குஞ்சு பொரிந்து இறகு முளைக்காத முதல் வாரங்களில் வெயிலும் குளிரும் மழையும் ஒன்றுபோல ஆபத்து. பிறகு வேறொரு சிக்கல் வருகிறது: பாதி வளர்ந்த கொக்கு, நாரைக் குஞ்சுகள் மிரண்டால் கூட்டைவிட்டுக் கிளைகளில் ஏறும், சில நீரில் விழும். பறக்கத் தெரியாதவை திரும்ப ஏறுவது கடினம். திட்டில் இருக்கும் கூழைக்கடாக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கியடித்து மிதிபடும்.

ஒரு நாளுக்குள் பார்த்தால், நண்பகல் வெயிலையும் மழையையும் கடுங்குளிர்க் காற்றையும் விட்டுவிட வேண்டும். காலை சற்று வெளுத்து, குளிர் தணிந்து, வெயில் ஏறாத இடைவேளையே நல்ல நேரம். காற்றும் பெரும்பாலும் அப்போது அடங்கியிருக்கும்.

கூடு காலியான பிறகும் பருவம் முடிந்துவிடுவதில்லை. முக்குளிப்பான் குஞ்சுகள் பொரிந்ததும் வரிவரியான தலையோடு பெற்றோரின் முதுகில் ஏறிவிடுகின்றன. சிறகிடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும் அந்தத் தலைகளைக் கண்டால் பின்தொடர ஆசை வரும். தொடர்ந்தால் பெரியது மூழ்கும், குஞ்சு நீரில் தனியே விடப்படும். முதல் சில நாட்களில் அதனால் உடல் சூட்டை அதிக நேரம் காத்துக்கொள்ள முடியாது. கொஞ்சம் வளர்ந்த பிறகு கொண்டை முக்குளிப்பான் இணை குஞ்சுகளைப் பங்கு பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஊட்டும். அப்போது நடுவில் படகு புகுந்தால் இரண்டு குழுவும் கலையும். முதல் ஈட்டு முட்டைகள் அழிந்துபோன இணைகள் மறுபடி முட்டையிடுவதுண்டு. சில இணைகள் அதே பருவத்தில் இரண்டாம் ஈடும் வைக்கும். ஆகவே ஒரு மூலையில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதை வைத்து மறு மூலையின் நாணலும் திறந்துவிட்டது என்று எண்ணிவிட முடியாது. நாணலுக்குள் போய்ப் பழைய கூட்டின் கட்டுமானத்தைப் பார்க்க விரும்புபவர், பெரிய பறவைகள் இரை கொண்டுபோவது முற்றிலும் நின்று, அதற்கும் சில வாரங்கள் கழித்துப் போகலாம். அதற்குள் மிதக்கும் கூடுகளில் பல நீரில் அமிழ்ந்து கரைந்திருக்கும். மரத்தில் இருக்கும் குச்சிக் கூடுகளில் பல அப்படியே நிற்கும், அடுத்த பருவத்தில் அவற்றையே நாரைகள் செப்பனிட்டுக் குடியேறும்.